இத்ரூஸ் நானாவின் கஜக்கோல்

ஹஜ்ஜுக்குப் போகாத ஒரு மனிதரை எங்கள் பதுளைக் கடைத்தெருவில் இன்றைக்கும் சிலர் ‘ஹாஜியார்’ என்று சொல்லிச் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கடையில் நின்று அப்படிச் சொன்ன இரண்டு பேரை, அளந்து வைத்த துணியைக்கூடக் கொடுக்காமல் படியிறக்கி விட்டிருக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் நடந்ததை நடந்தபடி யாராவது ஒருவன் சொல்லிவைக்க வேண்டும். அந்த மனிதர் பெயர் இத்ரூஸ், மூத்தவர் என்பதால் எங்களுக்கு ‘நானா’. நான் மொஹிதீன், அவருக்குக் கடனுக்குத் துணி கொடுத்த கடைக்காரன்.

இத்ரூஸ் நானா பொட்டணி வியாபாரி. என் கடையில் பூப்போட்ட சீத்தைத் துணியும் வேட்டியும் சேலையும் எடுத்துப் பெரிய மூட்டையாகக் கட்டி, முதுகில் ஏற்றிக்கொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாக நடப்பார். ஒரு வாரம் ஹாலிஎலப் பக்கம், மறுவாரம் பசறைப் பக்கம், சம்பளம் போடுகிற நாளில் ஸ்பிரிங்வெளி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் மூட்டையை இறக்கி அவிழ்ப்பதற்குள் பெண்கள் கூடிவிடுவார்கள். பொய் விலை சொல்ல மாட்டார். சாயம் போகிற துணியைச் சாயம் போகும் என்று சொல்லியே விற்பார். இந்த லட்சணத்தில் வியாபாரம் பண்ணினால் உருப்பட்ட மாதிரிதான் என்று நான் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

அவர் கையில் எப்போதும் ஒரு கஜக்கோல் இருக்கும். கித்துள் மரத்து வைரத்தில் இழைத்தது. துணி அளக்க மட்டுமல்ல, மழைக்காலத்தில் தேயிலை மலையின் வழுக்குப் பாதையில் அவ்வளவு பாரத்தோடு இறங்குகிறவருக்கு அதுதான் ஊன்றுகோல். நாயை விரட்டவும் அதுதான், ஓடையில் ஆழம் பார்க்கவும் அதுதான். ஆரம்பத்தில் அதன் நுனியில் ஓர் இரும்புப் பூண் இருந்தது. எந்தக் காலத்திலோ பசறை ரோட்டில் அது கழன்று விழுந்துவிட்டது. பூண்தானே என்று அவர் வேறு போடவில்லை.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவரும் மனைவி ரஹ்மத்தும்மாவும்தான். ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்று, சாவதற்குள் மக்காவைப் பார்த்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட பயணமல்ல. மாட்டு வண்டியில் பண்டாரவளை, அங்கிருந்து ரயிலில் கொழும்பு, கப்பலில் தூத்துக்குடி, மறுபடியும் ரயிலில் பம்பாய், அங்கே ஹாஜிகளின் கப்பலுக்காகக் காத்துக் கிடப்பது, நடுவழியில் ஒரு தீவில் இறக்கி நோய்க்காவல், பிறகு ஜித்தா. இறங்கினால் வெயில் தோலை உரிக்கும். அதற்கப்பால் ஒட்டகம். போய்த் திரும்ப அரை வருசமாகும், திரும்புவதும் நிச்சயமில்லை. பதுளைக் குளிரில் பழகிய உடம்பு அந்தச் சூட்டைத் தாங்குமா என்று கேட்டால், “தோட்டத்துச் சனம் மண்டை காய நிண்டு கொழுந்து பறிக்கிதே தம்பி, நான் நடக்க மாட்டனா?” என்பார்.

எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், செலவுக்குத் திட்டம் போட்ட விதம்தான் வேடிக்கை. மூட்டையில் மிஞ்சுகிற துண்டுத் துணிகளில் முடிச்சு முடிச்சாகப் பணத்தைக் கட்டி வைத்தார். சிவப்புச் சீத்தை முடிச்சு கப்பலுக்கும் ரயிலுக்கும். நீலம் ஒட்டகத்துக்கு. பச்சை, சாப்பாட்டுக்கு. மௌத்தானால் அடக்கம் செய்கிறவருக்குக் கொடுக்க வெள்ளையில் ஒரு சின்ன முடிச்சு. இவை எல்லாவற்றுக்கும் முதலில் கட்டப்பட்டது கறுப்புக் கரை போட்ட முடிச்சு, அது வீட்டுச் செலவுக்கு. பெண்சாதியைப் பட்டினி போட்டுவிட்டுப் போகிற ஹஜ் கூடாது என்பது மார்க்கம். அதைக் கொஞ்சம் சிறிதாகக் கட்டலாமா என்று அவர் ஒருநாள் இழுத்துப் பார்த்திருக்கிறார். ரஹ்மத்தும்மா விடவில்லை.

“கப்பல்காரன்ட்ட பேரம் பேசுங்க, என்ட்ட பேச வாணாம். நீங்க வார வரைக்கும் நான் யார்ட்ட போய்க் கை நீட்டுற?”

இருபது வருசத்துக்கு மேல் அந்த முடிச்சுகள் பருத்தன. ஒரு வருசம் காய்ச்சலில் பச்சை அவிழ்ந்தது, மறுபடி கட்டினார். இன்னொரு வருசம் நான் கடன் கேட்டு நெருக்கியதில் நீலம் அவிழ்ந்தது, அதையும் மறுபடி கட்டினார். 1911ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் எல்லா முடிச்சும் நிறைந்துவிட்டன. பெருநாள் கழிந்ததும் கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் புறப்படுகிறது, அதோடு போவதென்று பேச்சு. என் கடைக்கு வந்து ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராமுக்கும், மௌத்தானால் சுற்றும் கபனுக்குமாகப் பன்னிரண்டு கஜம் வெள்ளைத் துணி கேட்டார். தன் கபனைத் தானே கொண்டுபோவது ஹாஜிகளின் வழக்கம். என் மேசைப் பலகையில் அரசாங்க முத்திரை குத்திய பித்தளைக் கோல் அடித்திருக்கிறது, அதில் என் கையாலேயே அளந்து கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். ஹஜ்ஜுச் சாமானுக்குக் கடனும் கூடாது இனாமும் வேண்டாம் என்று எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் அதே பொதியோடு வந்து நின்றார்.

“தம்பி, ஒரு சாண் துணி கூட வந்திரிக்கி. பழக்கதோஷத்துல வீட்டுல அளந்து பாத்தன். ஒங்கட சொத்து எனக்கு வாணாம், வெட்டி எடுங்க.”

“நானே அளந்தது நானா. ஒரு நூல் கூடாது.”

“கூடியிரிக்கி. நான் மூணு தரம் அளந்த.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. துணியை வாங்கி அவர் கண் முன்னாலேயே பித்தளைக் கோலில் அளந்தேன். பன்னிரண்டு கஜம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. பிறகு அவர் கையிலிருந்த கித்துள் கோலை வாங்கிப் பித்தளைக்குப் பக்கத்தில் வைத்தேன். மேல் நுனி சரியாக இருந்தது. கீழ் நுனி ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

மலைப் பாதையின் கல் அதைத் தின்றிருந்தது. எத்தனை வருசமாகத் தேய்ந்ததோ, யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வேறொருவன் தன் கோல் தேய்ந்ததை மூடி மறைப்பான், இந்த மனிதர் தன் கோல் தேய்ந்ததைத் தானே என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறாரே என்று. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. கஜத்துக்கு ஒரு விரற்கடை. அத்தனை தோட்டம், அத்தனை லயம், அத்தனை வருசம்.

“யா அல்லாஹ்” என்று முணுமுணுத்தவர், அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் உலகத்தில் கொஞ்சம் அடிபட்டவன். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். “தெரிஞ்சா செஞ்சீங்க? இல்லையே. இந்தக் கோலை அடுப்புல வைங்க, புதுசு ஒண்டு செஞ்சுக்கங்க. பேசாம கப்பல் ஏறுங்க.” அவர் எழுந்து பள்ளிவாசலுக்குப் போனார், நானும் பின்னால் போனேன்.

அங்கிருந்த மார்க்கம் படித்த ஆலிம் நல்ல மனிதர். ஆளைத் தெரிந்தால் உரியதைத் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பொருத்தம் கேளுங்கள், ஆளே தெரியாவிட்டால் அவர்கள் பேரில் தர்மம் செய்யுங்கள் என்றார். பொருத்தம் கேட்டு வந்தால் போதுமே, ஏழைகள் மன்னித்துவிடுவார்கள் என்று நானும் ஒத்து ஊதினேன். அப்போதுதான் இத்ரூஸ் நானா என்னைக் கோபமாகப் பார்த்தார்.

“கடன் வெச்சிரிக்கிற சனம் தம்பி அது. நாளைக்கும் என்ட்டதான் துணி வாங்கணும். நான் போய் ‘பொறுத்துக்கங்க’ண்டு நிண்டா, ‘மாட்டேன்’டு வாய் தெறந்து செல்லவா போகுது? அது பொருத்தமில்ல, பயம்.”



பெருநாளுக்கு முன்பே ஆரம்பித்தார். தன்னிடம் துணி வாங்கிய வீடு ஒவ்வொன்றுக்கும், வாங்கிய காலத்தைப் பொறுத்து ஒரு கஜமோ இரண்டு கஜமோ திருப்பிக் கொடுப்பதென்று முடிவு. எந்த லயத்தில் எந்தக் காம்பறாவில், எந்த ஒற்றை அறையில் யார் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் கொள்விலைக்குத் துணி கொடுத்தேன், அதற்குக் கீழே இறங்க அவரே சம்மதிக்கவில்லை. ஹாலிஎலத் தோட்டங்கள் முடிந்தபோது நீல முடிச்சு காலி.

“ஒட்டகம் எதுக்கு, ஜித்தாவிலிருந்து நடந்து போறவங்களும் இரிக்காங்களே” என்றார்.

பசறைப் பக்கம் முடிந்தபோது பச்சையும் வெள்ளையும் போயின. “கப்பல்ல ஹாஜிமாருக்குச் சமைச்சுக் குடுத்தா, எனக்கும் ஒரு பிடி தர மாட்டாங்களா? மௌத்தானா யாராவது மண்ணப் போடுவாங்க.” பயணம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது, மனிதர் மட்டும் அதை விடவில்லை. மிச்சமிருந்தது சிவப்பு முடிச்சும், தொடக்கூடாத கறுப்புக் கரை முடிச்சும், ஸ்பிரிங்வெளி ஒன்றும். சிவப்பு இருக்கிறவரைக்கும் மக்கா இருக்கிறது என்று எனக்கும் ஒரு நம்பிக்கை. அவருடைய முழங்கால் வீங்கியிருந்ததால் ஸ்பிரிங்வெளிக்கு என் வண்டியைக் கட்டிக்கொண்டு நானும் போனேன். மூட்டையில் இருந்த துணிக்கு ஏற்கனவே பணம் கட்டியாயிற்று. அன்றைக்கு அதைக் கொடுத்து முடித்தால் இரண்டு நாளில் பண்டாரவளை ரயில்.

எல்லாம் முடிந்து கடைசி லயத்தின் கடைசிக் காம்பறா. அது பெரியாயியின் வீடு. புருசனை இழந்தவள், கொழுந்து பறித்துத் தனியாகக் காலம் தள்ளுகிறவள். நாலு வருசத்துக்கு முன் புருசன் வயிற்றுப்போக்கில் செத்தபோது பிணத்தின் மேல் போர்த்தும் கோடித் துணியை இத்ரூஸ் நானாதான் கொடுத்திருந்தார். நாலு கஜம், காசு வாங்காமல். அதைத் தன் வாழ்நாளில் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக அவர் நினைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

கோல் தேய்ந்த கதையை அவளிடமும் சொல்லி, இரண்டு கஜத் துணியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. துணியைப் பார்க்கவே இல்லை, கோலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கோடியும் இந்தக் கோலுலதான் அளந்தீங்களா, நானா?”

“ஓம்.”

“அதான் கால மூடல.”

என்ன சொல்கிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“ரெண்டா மடிச்சுப் போத்துனோம். தலைய மூடினா கால் பெருவெரல் ரெண்டும் வெளியில நின்னுச்சுங்க. கால இழுத்து மூடினா நெத்தி தெரிஞ்சுது. நாலு கசம் போதும்னு கேட்டவ நான்தானே? நீங்க காசு வாங்கலன்னு தெரியாம, புருசன் பொணத்துக்குத் துணி வாங்கறதுலயும் மிச்சம் புடிச்சாளேன்னு எங் கொழுந்தன் இராசையா அன்னைக்குச் சொன்னாரு. இன்னைக்கு வரைக்கும் சொல்றாரு. குழாயடியில சண்டைன்னா ஊரே சொல்லுது, புருசன் கால மூடாதவளுன்னு. நானும் அப்படித்தான் நெனைச்சேன். அஞ்சு கசம்னு கேக்காம விட்டுட்டமேன்னு, படுத்தா அந்த ரெண்டு வெரலுதான் கண்ணுக்குள்ள நிக்குது.”

அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. இத்ரூஸ் நானா நீட்டிய துணியை மடித்து மூட்டையில் வைத்தார்.

“நான் என்ன செய்யணுமெண்டு நீங்களே செல்லுங்க, பெரியாயி.”

“எனக்குத் துணி வேணாங்க. காலையில பேரு கூப்புடற பெரட்டுக்கு எல்லாரும் வருவாங்க. அங்க வந்து கோலுலதான் கொறைன்னு சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்ன, எனக்குத்தான் இப்பத் தெரிஞ்சு போச்சே.”

வண்டிக்குத் திரும்பியதும் நான் வெடித்துவிட்டேன். கோடிக்குக் காசே வாங்கவில்லை, இனாமாகக் கொடுத்ததில் குறைந்தால் மார்க்கத்தில் கடன் இல்லை, போய் ஆலிமைக் கேளுங்கள் என்றேன். கொழுந்தன் இராசையாவை மட்டும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றேன். கடைசியில் உள்ளதை உடைத்தே சொன்னேன்.

“பெரட்டுல நிண்டு செல்லிட்டா வாங்கினவனும் வருவான், வாங்காதவனும் வருவான். வேற தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தவன் எத்தனை பேர்? யார் மெய், யார் பொய்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? சிவப்பு முடிச்சு போயிரும் நானா. ஹஜ் போயிரும்.”

“தெரியும்” என்றார். அன்றிரவு அங்கேயே தங்க மாட்டை அவிழ்த்துக் கட்டினார். பிறகு, “அந்தக் கால் வெரல வெச்சிட்டு நான் அங்க போய் எப்படித் தம்பி கஃபாவைப் பாக்கிற?” என்றார். 

மறுநாள் விடிகிற நேரம், ஆட்களை எழுப்பும் தப்புமேளச் சத்தம் ஓய்ந்து ஆட்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்றார்கள். தூறல். ஆட்களை வேலை வாங்கும் கந்தப்பன் கங்காணியிடம் இத்ரூஸ் நானா அனுமதி கேட்டார். “தொரை வர்றதுக்குள்ள சொல்லிட்டுப் போயிருங்க” என்றார் கங்காணி. முழங்கால் வலியோடு இத்ரூஸ் நானா நடுவில் போய் நின்று கோலைத் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் என்னிடமிருந்து வாங்கிய புதுக் கோல் ஒன்றையும் பிடித்தார். வித்தியாசம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

“நான் ஒங்க எல்லாருக்கும் குறைச்சு அளந்திரிக்கன். தெரியாம நடந்த, ஆனா நடந்த. பெரியாயி புருசனுக்கு நாலு கஜம் கேட்டா. நான் குடுத்தது நாலு கஜமில்ல. கால் மூடாம போனது என்னால. அந்தப் பொம்பளையில ஒரு குத்தமும் இல்ல. இனிமே யாரும் அந்தச் சொல்லை அவளைப் பாத்துச் செல்லக்கூடாது. செல்றதுண்டா என்னைச் செல்லுங்க.”

 இராசையா தலையைக் குனிந்துகொண்டான். பெரியாயி கூடையைத் தலையில் மாட்டி, முக்காட்டுக் கம்பளியைச் சரிசெய்துகொண்டு, மலைக்குப் போகிற வரிசையில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள். நிமிர்ந்து நின்றாள். அதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது நான் சொன்னபடியேதான். அன்று மாலையே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தெமோதரைத் தோட்டத்தில் இருந்தபோது வாங்கினேன் என்றான் ஒருவன், செத்துப்போன என் அக்காள் வாங்கினாள் என்றாள் ஒருத்தி. இத்ரூஸ் நானாவை வாழ்க்கையில் பார்த்தேயிராத பயலும் வந்து வரிசையில் நின்றான். நான் விரட்டப் போனேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்கிறவனைத் தள்ளப் போய் மெய்யானவன் ஒருவன் தவறிவிட்டால் என்ன செய்வது என்பது அவர் பயம். சிவப்பு முடிச்சு அங்கேயே அவிழ்ந்தது. கொழும்புக் கூட்டம் புறப்பட்ட நாளில் அவர் என் கடைக்கு வந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கடனுக்குத் துணி கேட்டார்.

வியாபாரம் முன்னைப்போல் இல்லை. அளவு குறைத்த நானா என்று சில தோட்டங்களில் மூட்டையை இறக்கவே விடவில்லை. ஸ்பிரிங்வெளியில் மட்டும் வாங்கினார்கள். துணி அளக்க ஒரு கோல், ஊன்றி நடக்க ஒரு தடி என்று இரண்டைச் சுமந்துகொண்டு நடந்தார். மறுபடியும் சிவப்புச் சீத்தையில் ஒரு முடிச்சுக் கட்டினார். அது ஒரு எலுமிச்சங்காய் அளவு வந்தபோது ஜெர்மன் சண்டை மூண்டு, ஹாஜிகளின் கப்பல் நின்றுவிட்டது. ‘ஹாஜியார், எப்பப் பயணம்?’ என்று கடைத்தெரு கேட்க ஆரம்பித்தது அப்போதுதான். அவருக்குக் கோபம் வராது. “கப்பல் ஓடட்டும்” என்பார்.

எவ்வளவு கஷ்டம் வந்தபோதும் அந்தப் பன்னிரண்டு கஜம் வெள்ளைத் துணியை மட்டும் அவர் விற்கவில்லை.

1918இல் அந்தப் பொல்லாத காய்ச்சல் வந்தது. லயங்களில் கொத்துக் கொத்தாகச் சனம் விழுந்தது. போக வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேளாமல் தோட்டத்துக்குப் போய் வந்தவர், வந்து படுத்தவர்தான். கப்பல் மறுபடி ஓடுவதற்குள் அவர் போய்விட்டார்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டுக்கொண்டிருந்தோம். இஹ்ராமாகக் கட்டியிருக்க வேண்டிய துணியையும் சேர்த்தே எடுத்து விரித்தோம். பின்வாசலில் பெண்கள் கூட்டம். ஸ்பிரிங்வெளியிலிருந்து மழையில் நனைந்துகொண்டே நடந்து வந்த பெரியாயியும் அவர்களோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கடைசியாக முகம் பார்க்க ரஹ்மத்தும்மாவை அழைத்தோம். பார்த்துவிட்டு அவள் பின்வாசலுக்குத் திரும்பியபோது, பெரியாயி எழுந்து கேட்டது உள்ளே எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“காலு மூடியிருச்சுங்களா, அம்மா?”

முடிச்சுப் போடப் போன நான் விலகி நின்றேன். ரஹ்மத்தும்மா திரும்பி வந்து, குனிந்து, அவர் காலடியில் மிஞ்சிக் கிடந்த துணியின் மேல் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தாள்.

“மூடிட்டு, பெரியாயி” என்றாள். “ஒரு சாண் கூடவே இரிக்கி.”